மூளைக் கட்டி: அறிதலும் ஆற்றுதலும்

(ஆறுமுகநேரியில் நடந்த திங்கட் கூட்டத்தில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய பொழிவின் எழுத்து வடிவம்)

 

எனக்குத் தரப்பட்ட தலைப்பு மூளைக் கட்டி. இத்தலைப்பை அறிவிப்புப் பலகையில் படித்துவிட்டு, "இன்றைக்குக் கூட்டத்துக்கு வரவே நடுக்கமாக இருக்கிறதே" என்று அண்ணாச்சி ஒருவர் வாயிலில் சொன்னார். அந்த நடுக்கத்துக்குக் கரணியம் நோய் மட்டுமன்று. அந்நோயைப் பற்றி நம் காதில் விழுகின்ற சொல்லுந்தான். "டியூமர்" என்று ஒரு சொல்லை உதிர்த்துவிட்டு மருத்துவர் அடுத்த நோயாளியை அழைக்கிறார். வெளியே வருகின்றவன் அச்சொல்லுக்குச் சாவு என்று பொருள் கொண்டு வீடு திரும்புகிறான். டியூமர் என்னும் இலத்தீன் சொல்லுக்கு வீக்கம் என்பதே பொருள். இலத்தீன்காரனுக்கு அது வெறும் வீக்கம்; நமக்கோ அது கூற்றுவனாகி விட்டது!

நம் மொழியில் இதற்குச் சொல் இல்லாமல் இல்லை. கட்டி என்போம், கழலை என்போம், புற்று என்போம். மூன்றும் ஒன்றல்ல. கட்டி என்பது பொதுச்சொல். தோலுக்கடியில் நழுவிக்கொண்டு, அண்டையிலுள்ள தசையைத் தின்னாமல் தனித்து நிற்பது கழலை. கறையான் புற்றுப்போல் இருந்த இடத்தை அரித்துப் பரவுவது புற்று. மூளையில் தோன்றுவனவற்றுள் கழலை போன்றனவும் உண்டு. புற்று போன்றனவும் உண்டு. "எனக்கு வந்திருப்பது கழலையா, புற்றா?" என்று ஒருவன் தன் மொழியில் கேட்கத் தெரிந்துகொண்டால், அந்நோயைப் பற்றிய பாதி அறிவு அவனுக்கு வந்துவிட்டது என்பேன்.

இனி மூளைக்கு வருவோம். வளர்ந்த மாந்தனின் மூளை ஏறத்தாழ 1,400 கிராம் எடையுள்ளது. பெருமூளை, சிறுமூளை, மூளைத்தண்டு என்று அதனைப் பகுத்துப் பள்ளியில் படித்திருப்பீர்கள். அதைச் சுற்றி மூன்று உறைகள். உறைகளுக்கிடையே ஒரு தெளிநீர் ஓடுகிறது. ஒரு நேரத்தில் இருக்கும் அந்நீர் ஏறத்தாழ 150 மில்லிலிட்டர். ஒரு நாளில் ஊறுவதோ ஏறத்தாழ அரை லிட்டர். ஊறுவது ஊற, பழையது குருதியில் வடிந்துகொண்டே இருக்கும். இவ்வளவையும் பொதிந்து வைத்திருப்பது மண்டையோடு. வயிற்றில் ஒரு கட்டி வளர்ந்தால் வயிறு இடங்கொடுக்கும்; மண்டையோடு இடங்கொடுக்காது. மூடிய செப்புக்குடத்துக்குள் புதிதாக ஒன்று வளர்ந்தால், உள்ளிருப்பவை நெருக்குண்டாக வேண்டும். மூளைக் கட்டியின் இடர் பெரும்பாலும் அதன் பருமனில் இல்லை; அது வளரும் இடத்தில்தான் இருக்கிறது. நெல்லிக்காயளவுக் கட்டி பெருமூளையின் முன்பகுதியில் பல ஆண்டுகள் ஓசையின்றிக் கிடக்கலாம். அதே அளவு மூளைத்தண்டின் அருகே இருந்தால், தெளிநீர் ஓடும் வழியை அடைத்து ஒரு கிழமைக்குள் உயிரைக் குடிக்கலாம்.

நெருக்கம் மிகுவதன் அடையாளங்கள் எவை? நாளுக்கு நாள் மிகுகின்ற தலைவலி, சிறப்பாக விடியலில் எழும்போதே இருக்கும் வலி, அதனோடு கக்கல், பார்வை மங்கல். இவை பொது அடையாளங்கள். இடத்தைக் காட்டும் அடையாளங்கள் வேறு. பெருமூளையின் இடப்பாதி உடலின் வலப்பாதியை ஆள்கிறது. ஆகவே வலக்கை சோர்ந்து, பேச்சும் குழறினால் இடப்பக்கத்தை ஐயுற வேண்டும். ஒரு காதில் மட்டும் கேள்வி குறைந்துகொண்டே வந்தால் செவி நரம்புக் கட்டியாக இருக்கலாம். நேரே பார்க்கும்போது இரு ஓரங்களும் தெரியாமற்போனால், கண்ணரம்புகள் கூடும் இடத்துக்குக் கீழேயுள்ள பிட்டியூட்டரிச் சுரப்பியில் கட்டியிருக்கலாம். நடை தள்ளாடினால் சிறுமூளை. அமைதியான ஒருவர் திடுமெனச் சினமுடையவராகவோ, கூச்சமற்றவராகவோ, எதிலும் பற்றற்றவராகவோ மாறினால் முன்மூளை. வீட்டார் இதனைக் குணக்கேடு என்று எண்ணித் திட்டித் தீர்ப்பர். நோயென்று எண்ணுவார் அரியர்.

உடனே ஒன்று சொல்லிவிடுகிறேன். தலைவலிக்கும் எல்லார்க்கும் மூளைக் கட்டி இல்லை. ஆயிரம் தலைவலிகளுள் மிகப் பெரும்பாலானவை ஒற்றைத் தலைவலியாலும், மன இறுக்கத்தாலும், கண் குறையாலும் வருவன. இவ்வுரையைக் கேட்டு நாளைக் காலை நீங்கள் அனைவரும் படமெடுக்க ஓட வேண்டா!

ஆனால் ஓட வேண்டிய ஒன்று உண்டு. அது, முன்பு வலிப்பே வந்திராத வளர்ந்த ஒருவர்க்குப் புதிதாக வரும் வலிப்பு. நம் ஊர்ப்புறங்களில் மிகுதியாகக் காலம் வீணாவது இங்கேதான். உப்பளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்தவன் விழுந்து துடிக்கிறான். கையில் இரும்பைத் திணிக்கின்றனர். "உச்சிவேளையில் பனங்காட்டு வழியே போனான், ஏதோ பிடித்துக்கொண்டது" என்கின்றனர். வேப்பிலை அடித்தல், கயிறு கட்டல், நேர்த்திக்கடன் என்று திங்கள்கள் கழிகின்றன. இரும்பு வலிப்பை நிறுத்துவதில்லை. அது சில மணித்துளிகளில் தானே நிற்கும் இயல்புடையது, இரும்புக்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. விழுந்தவனைப் பக்கவாட்டில் ஒருக்களித்துப் படுக்க வைப்பதும், வாயில் எதனையும் திணிக்காதிருப்பதும், ஐந்து மணித்துளிக்கு மேல் நீடித்தால் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்வதுமே செய்யத்தக்கவை.

படத்தில் கட்டி தெரிந்துவிட்டது என்று கொள்வோம். அப்போதும் கலங்குதற்கு முன் ஒரு வினா இருக்கிறது: அது உண்மையிலேயே மூளைக் கட்டிதானா? நம் நாட்டில் இது வெற்று வினா அன்று. எலும்புருக்கி நோய் நுரையீரலில் மட்டும் தங்குவதில்லை. மூளையிலும் முடிச்சாகத் திரளும். 1950-களிலும் 1960-களிலும் இந்நாட்டு மருத்துவமனைகளில் மண்டைக்குள் கண்ட கட்டிகளுள் ஐந்தில் ஒன்று என்னும் அளவுக்கு இவை எண்ணப்பட்டதுண்டு. அவற்றுட் பல இன்று மாத்திரைகளாலேயே கரைகின்றன. இன்னொன்று நாடாப்புழுவின் குடம்பி. அப்புழுவுடையார் மலத்தில் வெளிப்படும் முட்டை, கழுவாத கையாலும் கழுவாத கீரையாலும் பிறர் வயிற்றுக்குள் போய், குருதிவழி மூளையை அடைந்து சிறு முடிச்சாகத் தங்கி வலிப்பை உண்டாக்கும். புலால் உண்ணாதார்க்கும் இது வரும். இவ்விருவகை முடிச்சுகளையும் படத்தில் எவ்வாறு பிரித்தறிவது என்பதை வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் வேதாந்தம் இராசசேகரும் உடன் பணியாற்றியோரும் ஆய்ந்து 1993-இல் வெளியிட்டனர். 20 மில்லிமீட்டருக்குக் குறைந்த, ஒற்றையான, அழுத்தக் குறிகளற்ற முடிச்சு பெரும்பாலும் புழுவினது என்பது அவர்கள் காட்டிய அளவைகளுள் ஒன்று. மண்டையைத் திறவாமலே பலர் பிழைக்க அது வழி செய்தது. தமிழ் மண்ணில் நடந்த இவ்வாய்வைத் தமிழர் எத்துணைப் பேர் அறிவர்?

மெய்யான கட்டிகளை இவ்வூர் மக்களுக்கு விளக்க நான் வெளியே எங்கும் உவமை தேட வேண்டியதில்லை. ஒரு பக்கம் முத்துக் கடல், மறுபக்கம் உப்பளம். மூளையின் உறையிலிருந்து வளரும் கட்டி பெரும்பாலும் சிப்பிக்குள் முத்துப்போன்றது. அது மூளையை நெருக்கும், மூளையோடு கலப்பதில்லை. இடம் வாய்ப்பாக இருந்தால் முழுதும் எடுத்துவிடலாம். செவி நரம்புக் கட்டியும் இவ்வினமே. (முத்து என்றே பெயர் பெற்ற கட்டியும் ஒன்றுண்டு. தோலின் உயிர்மிகள் கருவிலேயே இடந்தவறி மண்டைக்குள் அகப்பட்டு, வெண்மையாய் முத்தின் மினுமினுப்போடு வளர்வது. பிரான்சு நாட்டு மருத்துவர் குருவெயே 1829-இல் அதனை முத்துக் கட்டி என்றே எழுதினார். முத்துக்குளித்துறையில் பிறந்த நாம் இட்டிருக்க வேண்டிய பெயர்!)

மற்றொரு வகை கிளையோமா எனப்படுவது. நரம்புகளைத் தாங்கி நிற்கும் உயிர்மிகளில், அதாவது ஆங்கிலத்தில் செல் எனப்படுவனவற்றில் தோன்றுவது. இது நீரில் கரைந்த உப்புப்போன்றது. பாத்தியில் திரண்ட உப்பை வாரிவிடலாம்; நீரில் கரைந்து நிற்கும் உப்பை எந்தக் கையால் வாருவது? கண்ணுக்குத் தெரியும் திரளை எடுத்தபின்னும் நல்ல மூளைக்குள் ஊடுருவிய உயிர்மிகள் எஞ்சும். ஆகவேதான் அறுவைக்குப் பின் கதிரும் மருந்தும் வேண்டியிருக்கின்றன. உலக நலவாழ்வு நிறுவனம் இக்கட்டிகளை 1 முதல் 4 வரை படிநிலைகளாகப் பகுத்துள்ளது. 2021-இல் வெளிவந்த பகுப்பில், நுண்ணோக்கியில் தெரியும் உருவத்தோடு உயிர்மிக்குள்ளிருக்கும் மரபணு மாற்றங்களையும் சேர்த்தே படிநிலை குறிக்கின்றனர். வளர்ந்தோரிடம் மூன்றாவதொரு வகை இவற்றினும் மிகுதி: நுரையீரலிலோ மார்பிலோ தோன்றிய புற்று குருதிவழி மூளைக்கு வந்து தங்குவது. புகையிலைக்காரர்கள் இதனைச் செவியில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இவற்றை அறுத்தெடுக்கலாம் என்று மாந்தன் துணிந்து ஒன்றரை நூற்றாண்டுகூட ஆகவில்லை. 1884 நவம்பர் 25-ஆம் நாள் இலண்டனில் இரிக்குமன் காட்லீ என்பார் இளம் உழவர் ஒருவரின் மண்டையைத் திறந்து, கொட்டைப்பாக்கினும் சற்றுப் பெரிய கட்டியை எடுத்தார். படமெடுக்கும் கருவி ஏதும் அன்றில்லை, ஊடுகதிரே கண்டுபிடிக்கப்படவில்லை. இடக்கையின் சோர்வையும் துடிப்பையும் மட்டும் வைத்து, கட்டி இன்ன இடத்திலிருக்கிறது என்று பென்னட்டு என்னும் மருத்துவர் கணித்துச் சொன்னார். சொன்ன இடத்தில் இருந்தது! நோயாளி ஒரு திங்கட்குள் சீழ்த்தொற்றால் இறந்தார். ஆயினும் கதவு திறந்துவிட்டது. பின்னர் அமெரிக்காவில் ஆர்வி குசிங்கு மின்சூட்டால் குருதியை நிறுத்தும் முறையை 1926-இல் கையாண்டு, இரண்டாயிரம் கட்டிகளை அறுத்து, அறுவைச் சாவைப் பத்து விழுக்காட்டுக்கும் கீழே இறக்கினார்.

கனடாவின் மாண்ட்ரியல் நகரில் வைல்டர் பென்பீல்டு என்று ஒருவர் இருந்தார். அவர் உடன்பிறந்த தமக்கைக்கு இளமைமுதல் வலிப்பு. 1928-இல் அவர் மூளையில் கட்டி இருப்பது தெரிந்தது. தம்பியே அறுவை செய்தார். கட்டி முழுதும் வரவில்லை. ஆறு மக்களின் தாயான அவ்வம்மையார் மீண்டும் வீடு சென்று, சமைத்து, பிள்ளைகளோடு வாழ்ந்து, 1931-இல் மறைந்தார். இந்த இரண்டரை ஆண்டை வெற்றி என்பதா, தோல்வி என்பதா? அந்தப் பிள்ளைகளைத்தான் கேட்க வேண்டும். அதன்பின் 1934-இல் பென்பீல்டு மாண்ட்ரியல் நரம்பியல் நிறுவனத்தை நிறுவினார். அங்குப் பயின்று வந்த யாக்கோபு சாண்டி 1949-இல் வேலூரில் இந்தியாவின் முதல் மூளை நரம்பறுவைப் பிரிவைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே, 1950-இல், சீர்காழியில் பிறந்த இராமமூர்த்தி சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் தொடங்கினார். 1951-இல் இந்திய நரம்பியற் கழகம் சென்னையிலேயே பிறந்தது. இத்துறைக்கு இந்தியாவில் தொட்டில் நம் நாடு என்று சொல்வதில் மிகை ஒன்றும் இல்லை.

அவர்கள் காலத்தில் கட்டியின் இடமறிய, மூளையறைகளுக்குள் காற்றைச் செலுத்தி ஊடுகதிர்ப்படம் எடுத்தனர். நோயினும் கொடிது அந்த ஆய்வின் தலைவலி. 1971 அக்தோபர் முதல் நாள், இலண்டனில் ஒரு பெண்மணியின் மூளைக்குள்ளிருந்த கட்டியை அவுன்சுபீல்டு அமைத்த குறுக்குவெட்டுக் கதிர்ப்பொறி, மண்டையைத் தொடாமலே காட்டிற்று. அதுவே இன்று ஊரெங்கும் சி.டி. எனப்படுவது. அதனினும் நுட்பமாகக் காட்டும் எம்.ஆர்.ஐ. என்பது காந்தப் படம்; அதில் கதிர் இல்லை.

பண்டுவத்துக்கு வருவோம். முதலில் வீக்கத்தைத் தணிக்க வேண்டும். கட்டியைச் சுற்றியுள்ள மூளை நீர்கோத்து வீங்கியிருக்கும். டெக்சாமெத்தசோன் என்னும் மருந்து அதனைக் குறைக்கும். இரண்டொரு நாளில் நோயாளி எழுந்து உட்கார்வதைக் கண்டு "நோய் போயிற்று" என்று வீட்டுக்கு அழைத்துச் சென்றுவிடுவோர் உளர். போனது வீக்கம், கட்டி அங்கேயே இருக்கிறது. உயிருக்கு இடரான நெருக்கத்தில் மானிட்டால் என்னும் நீர்மத்தையோ செறிந்த உப்புநீரையோ குருதிக்குழாயில் செலுத்துவர். அது எப்படி வேலை செய்கிறது? மீனுக்கு உப்பிட்டுக் கருவாடாக்கும் நம் பெண்களுக்கு நான் சொல்ல வேண்டா. உப்பு மீனிலிருந்து நீரை வெளியே இழுக்கிறதல்லவா? குருதியில் செறிவு மிகுந்தால் மூளையிலுள்ள நீர் அவ்வாறே குருதிக்கு இழுபட்டுச் சிறுநீராய் வெளியேறுகிறது. (அதற்காகச் சோற்றில் உப்பை அள்ளிப் போட்டுக்கொள்ளாதீர்கள், அது வேறு நோயைக் கொண்டுவரும்.)

அடுத்தது அறுவை. எல்லாக் கட்டிக்கும் கத்தி வேண்டும் என்பதில்லை. பிட்டியூட்டரியில் பால்சுரப்பைத் தூண்டும் கட்டி உண்டு. மகளிர்க்கு மாதவிலக்கு நின்று, பிள்ளைப்பேறு இன்றியே பால் சுரக்கும்; "மலடி" என்ற வசையும் சேரும். காபர்கோலின் என்னும் மாத்திரையால் இக்கட்டிகள் பெரும்பாலும் சுருங்கிவிடுகின்றன. பிற கட்டிகளுள் பலவற்றுக்கு அறுவை வேண்டியிருக்கும். சிலவற்றை மூக்கின் வழியாகவே எடுக்கின்றனர்.

பேச்சுக்குரிய இடத்தருகே உள்ள கட்டியை அறுக்கும் முறையைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். மூளைக்குத் தன்னளவில் வலி தெரியாது. ஆதலால் தோலை மட்டும் மரக்கச் செய்து, மண்டையைத் திறந்தபின் நோயாளியை விழிப்பில் வைத்துக்கொண்டே அறுக்கின்றனர். படங்களைக் காட்டி, "இது என்ன?" என்று கேட்டுக்கொண்டே மூளையின் மேற்பரப்பை மெல்லிய மின்னோட்டத்தால் தொடுகின்றனர். தொட்ட இடத்தில் சொல் தடைப்பட்டால், அங்கே கத்தி வைக்கலாகாது என்று குறியிடுகின்றனர். பென்பீல்டு வளர்த்த முறை இது. இதிலே மொழி வருகிறது, பெருமக்களே! இருமொழி பேசுவோரை இவ்வாறு ஆய்ந்து 1978-இல் ஓச்மன், விற்றேக்கர் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் எழுதினர். ஒரு மொழிக்குத் தடையுண்டான சில இடங்களில் மறுமொழிக்குத் தடையில்லை. ஆங்கிலத்தில் பேசவைத்துக் காத்த மூளையில் தமிழுக்குரிய இடம் தப்பிப்பிழைத்தது என்று யார் உறுதி கூற முடியும்? நம் உப்பளத் தொழிலாளியைத் தமிழில்தான் பேசவைக்க வேண்டும். அதுவும் அவர் அறிந்த படங்களைக் காட்டி. பனிச்சறுக்குப் பலகையைக் காட்டி "இது என்ன?" என்றால் மூளை நல்ல நிலையிலிருந்தும் அவர் விழிப்பார். வள்ளமும் பனையும் மண்வெட்டியும் காட்டட்டும். மொழியை மேடைக்குரிய பற்று என்று எள்ளுவோர்க்குச் சொல்கிறேன்: அறுவை மேடையில் அது கத்திக்கு வழிகாட்டும் கருவி.

அறுவைக்குப்பின் கதிர்ப் பண்டுவம். கொடிய புற்றுக்குப் பொதுவாக ஆறு கிழமை, கிழமைக்கு ஐந்து நாள், நாளுக்குச் சில மணித்துளி. கதிர் படுகையில் வலி இல்லை. முடி உதிரும், களைப்பு வரும். நான்காம் படிநிலைக் கிளையோமாவுக்குக் கதிரோடு டெமோசோலமைடு என்னும் மருந்தையும் சேர்ப்பது 2005-இல் வெளிவந்த ஆய்வுக்குப்பின் வழக்காயிற்று. கதிர் மட்டும் பெற்றோரில் இரண்டாண்டு கடந்தோர் நூற்றுக்கு ஏறத்தாழ 10 பேர். மருந்தும் பெற்றோரில் ஏறத்தாழ 26 பேர். இதனை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. அந்நோய் இன்றும் கொடியது. ஆனால் உறைக்கட்டியும் செவி நரம்புக் கட்டியும் உடையோர் பல்லாண்டு வாழ்கின்றனர். சிறுவரின் சிறுமூளையில் தோன்றும் கொடிய கட்டிகூட, பரவுமுன் கண்டு முழுப் பண்டுவம் செய்தால் பெரும்பாலோர்க்கு ஐந்தாண்டுக்கு மேலும் வாழ்வு தருகிறது. ஒரு பெயரின்கீழ் இத்தனை வேறுபாடு இருப்பதால்தான் அந்த ஒற்றை ஆங்கிலச் சொல்லை மட்டும் கேட்டுக்கொண்டு வீடு திரும்பாதீர்கள் என்கிறேன்.

நான் அறிந்த ஒரு செய்தி. ஊரும் மருத்துவமனையும் பெயர் வேண்டா. கணவனுக்கு மண்டையறுவை, மனைவியிடம் நான்கு பக்க ஆங்கிலத் தாளை நீட்டி ஒப்பம் கேட்டனர். "இதில் என்ன எழுதியிருக்கிறது ஐயா?" என்று அவ்வம்மை கேட்டாள். "போட்டால்தான் அறுவை" என்பது விடை. போட்டாள். அறுவை நன்றாகவே முடிந்தது. ஆனால் கணவனின் வலக்கை சோர்ந்தது. சோரக்கூடும் என்பது அத்தாளின் இரண்டாம் பக்கத்தில் இருந்தது. இன்றுவரை மருத்துவர் கையை வெட்டிக் கெடுத்துவிட்டார் என்றே அவள் நம்புகிறாள். நல்ல மருத்துவர் ஒருவர் வீண்பழி சுமக்கிறார். நல்ல பெண் ஒருத்தி வீண் கசப்பில் வேகிறாள். தமிழில் அரைப்பக்கம் இருந்திருந்தால் இரண்டும் இல்லை.

தமிழில் மருத்துவம் சொல்ல இயலாது என்பார்க்கு யாழ்ப்பாணம் விடை சொல்லும். 1847-இல் அங்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிசுக்கு கிரீன் தமிழ் கற்று, மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, உடற்கூறு, அறுவை முதலிய நூல்களைத் தமிழாக்கி, 1873-இல் நாடு திரும்பினார். அவர் நூல்களில் வடசொல் மிகுதி; "மனுச அங்காதிபாதம்" என்ற பெயரைக் கண்டு நமக்கு முகம் சுளிக்கத்தான் செய்கிறது. ஆனால் கடல் கடந்து வந்த ஒருவர் செய்து காட்டியதை, இம்மண்ணில் பிறந்து மருத்துவம் படித்த நாம் ஒப்புதல் தாள் ஒன்றிற்குக்கூடச் செய்யவில்லையே!

முடிவாகச் சில நடைமுறைச் செய்திகள். திருச்செந்தூர்த் தொடர்வண்டியில் ஏறினால் போதும். பாளையங்கோட்டையிலுள்ள திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மூளை நரம்பறுவைப் பிரிவு உண்டு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் மூளையறுவையும் கதிர்ப் பண்டுவமும் அடங்கும். குடும்ப அட்டையையும் காப்பீட்டு அட்டையையும் கையோடு கொண்டுசெல்லுங்கள். நிலத்தையோ நகையையோ விற்குமுன் அங்கே கேளுங்கள். மருத்துவரிடம் நான்கு கேள்வி: கழலையா, புற்றா? எந்த இடத்தில் இருக்கிறது? எடுக்காவிட்டால் என்ன ஆகும்? எடுத்தால் எது குறையக்கூடும்? தமிழில் கேளுங்கள், விடையும் தமிழில் வரும்வரை எழாதீர்கள். வலிப்பு மாத்திரையையும் டெக்சாமெத்தசோனையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். வலிப்பு அடங்கும்வரை தனியே கடலுக்குப் போவதோ, ஆழமான உப்புநீர்த் தேக்கத்தின் கரையில் வேலை செய்வதோ கூடாது. எடுத்த படங்களை மடிக்காமல், வெயில் படாமல் பாதுகாத்து வையுங்கள். அடுத்த படத்தில் கட்டி வளர்ந்ததா, நின்றதா என்று அளக்கப் பழைய படமே அளவுகோல்.

இனி உங்கள் வினாக்களைக் கேட்கலாம். முதலில் அந்த அண்ணாச்சி கேட்கட்டும்.